பூரணம், தேறுதல், நிறைவு

முட்டுக்காடு படகுத்துறைக்கு ஞாயிறு மதியத்துக்கு மேல் போனால் சபைக் கூட்டங்களைப் பார்க்கலாம். ஆராதனை முடிந்த கையோடு வேன் பிடித்து, புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்க் கேனுமாக வந்து இறங்குவார்கள். போன மாதம் அப்படி வந்த கும்பல் ஒன்றில், படகுச் சீட்டுக்கு வரிசையில் நின்றபடியே இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கல்லூரி வயதுப் பையன். மற்றவருக்கு ஐம்பது இருக்கும்.

“பாவமே செய்யாம வாழ முடியும்ணே. முடியாதுன்னா, பூரண சற்குணரா இருங்கன்னு ஆண்டவர் எதுக்குச் சொல்லணும்?”

“தம்பி, காலையில இருந்து நீ எத்தனை தடவை கோவப்பட்ட?”

“அது கோவம் இல்லண்ணே, வைராக்கியம்.”

“ஓ, உனக்கு வந்தா வைராக்கியம், எனக்கு வந்தா கோவமா?”

வரிசையே சிரித்துவிட்டது. பையனின் முகம் சுண்டிப்போயிற்று. படகில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருவர் கடலைப் பார்க்க மற்றவர் கழியைப் பார்க்க, ஒரு சொல்கூடப் பேசாமல் போய்த் திரும்பினார்கள். நான் அவர்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனாலும் அந்தப் ‘பூரண சற்குணர்’ என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டார்.

பூரணம் வடசொல். ‘பூர்ண’ என்பதன் தமிழ் வடிவம். நிரப்புதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. லத்தீனின் ‘பிளேனுஸ்’, ஆங்கிலத்தின் ‘ஃபுல்’ எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட உறவுகள். நம் வீட்டில் இந்தச் சொல்லுக்குச் சொந்த இடம் அடுப்படிதான். பிள்ளையார் சதுர்த்திக்குத் தேங்காயும் வெல்லமும் கிளறிக் கொழுக்கட்டைக்குள் வைப்பது பூரணம். போளிக்குள் இருப்பதும் அதுவே. கோயில் வாசலில் பெரியவர்களை வரவேற்பது பூரண கும்பம். ஐயனாரின் ஒரு பக்கத்தில் வீற்றிருப்பவள் பூரணை. முழுநிலா நாளை ஈழத்தில் இன்றும் பூரணை என்றே சொல்கிறார்கள். அரசியல்வாதிகள் வாக்களிப்பது பூரண மதுவிலக்கு. இத்தனை வழக்கிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பூரணத்தில் பாதி கிடையாது. ‘கொஞ்சம் பூரண மதுவிலக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாழி குறைந்தாலும் அந்தக் குடம் பூரண கும்பம் ஆகாது.

மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரம், 48-ஆம் வசனத்தில்தான் அந்தப் பையன் பிடித்துக்கொண்ட கட்டளை இருக்கிறது. விண்ணிலுள்ள தந்தையைப் போலவே நீங்களும் இருங்கள் என்பது அதன் சாரம். எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ளது ஒரே ஒரு சொல்: தெலெயோஸ். அதில் குணமும் இல்லை, சற்குணமும் இல்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தின் வழியில்தான் இன்றும் சீர்திருத்த சபையார் வாசிக்கிறார்கள். அதில் இந்தச் சொல் ‘பூரண சற்குணர்’ என்று இரட்டையாகிவிட்டது.

சற்குணம் ஏன் ஒட்டிக்கொண்டது? இது என் ஊகம். பூரணம், பரிபூரணம் என்றால் தமிழ்ச் சமயக் காதுக்கு முதலில் கேட்பது பரம்பொருளின் இலக்கணம். தாயுமானவர் ‘பரிபூரணானந்தம்’ என்று ஒரு பகுதியே பாடியிருக்கிறார். மனிதரைப் பார்த்துப் ‘பூரணராக இருங்கள்’ என்று மட்டும் சொன்னால் ‘பிரம்மமாகிவிடுங்கள்’ என்று கேட்டுவிடக்கூடும். அதைத் தவிர்க்கவே ஒழுக்கத்தின் பக்கமாகச் சொல்லை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் போலும். ஒரு குழப்பம் தீர்ந்தது, இன்னொன்று பிறந்தது. குணத்தில் ஒரு துளியும் குறையாதவர் என்ற படம் தமிழ்ச் சபையில் நிலைத்துவிட்டது.

தெலெயோஸின் படம் வேறு. ‘தெலோஸ்’ என்றால் முடிவிடம், குறிக்கோள். வளர்ந்து ஆளானவன் தெலெயோஸ். ஊனமற்ற பலிவிலங்கு தெலெயோஸ். போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தது எதுவும் தெலெயோஸ். லத்தீனில் இதைப் ‘பெர்ஃபெக்துஸ்’, அதாவது முழுக்கச் செய்து முடிக்கப்பட்டது என்றார்கள். கிரேக்கன் பார்த்தது வளர்ச்சியை. உரோமன் பார்த்தது வேலைப்பாட்டை. நாம் பார்த்தது குடத்தை.

வேடிக்கை என்னவென்றால், அதே தமிழ் வேதாகமம் அதே கிரேக்கச் சொல்லை எல்லா இடத்திலும் ‘பூரண சற்குணர்’ ஆக்கவில்லை. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் அது ‘பூரண வயதுள்ளவர்கள்’. யாக்கோபின் நிருபத்தில் ‘பூரண புருஷன்’. பவுலின் நிருபங்களில் பல இடங்களில் ‘தேறினவர்கள்’.

தேறினவர்! மொழிபெயர்ப்பாளர் கையில் இந்தச் சொல் வந்து விழுந்த வேளை நல்ல வேளை. காய்ச்சலில் கிடந்தவர் உடம்பு தேறுகிறார். படிக்காத பிள்ளை பரவாயில்லை, தேறிவிடுவான் என்கிறோம். துக்க வீட்டில் போய்த் தேற்றுகிறோம். வறண்ட ஆண்டில் பத்து மூட்டையாவது தேறுமா என்று உழவர் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கலங்கியது தெளியும் காட்சிதான். கிராமத்தில் கிணற்று நீர் கலங்கலாக வந்தால் பாட்டிமார் தேற்றாங்கொட்டையை எடுத்து, மண்பானையின் உள்சுவரில் நாலு சுற்று இழைப்பார்கள். நீரை ஊற்றி மூடி வைத்தால் மெல்ல மண் அடியில் போய்ப் படியும்; மேலே நீர் தெளியும். கலித்தொகைக் காலத்திலேயே தமிழர் அறிந்த வித்தை இது. கவனித்தால் ஒன்று புரியும். மண் எங்கும் போய்விடவில்லை. பானைக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் நீர் குடிக்கத் தேறிவிட்டது. யாராவது பானையை ஆட்டினால் மறுபடி கலங்கும்.

பூரணத்துக்குப் பாதி இல்லை. தேறுதலுக்குப் படி உண்டு. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் பவுல், தான் இன்னும் முற்றும் தேறிவிடவில்லை என்கிறார். மூன்று வசனம் தள்ளி, நம்மில் தேறினவர்கள் இப்படி நினைப்போம் என்று தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார். பூரணம் என்று போட்டிருந்தால் இது முரண். தேறுதல் என்றதால் அன்றாடத் தமிழ். தேறியவர் வேறு, முற்றும் தேறியவர் வேறு என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

உலகத் திருச்சபை இந்த வேறுபாட்டுக்காகப் பட்ட பாடு பெரிது. மனிதன் முயன்றால் பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாகியுசை எதிர்த்து அகுஸ்தீனார் எழுதினார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுசின் போதனையைக் கண்டித்தது. இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, கிறிஸ்தவப் பூரணம் பற்றி 1766-இல் ஒரு விளக்க நூலே எழுதினார். அவர் சொன்ன பூரணம் அன்பின் பூரணம். அறியாமை, தவறான கணிப்பு, உடல் பலவீனம், சோதனை இவை எதுவும் அதனால் நீங்கிவிடாது என்று பட்டியலிட்டே சொன்னார். தமிழில் எழுதியிருந்தால் ‘தேறினவர்’ என்ற சொல்லையே எடுத்திருப்பாரோ என்னவோ.

கேட்டவர்கள் காதில் விழுந்தது நிறைகுடம்தான். டாப்லடி என்ற கால்வினியப் போதகர் 1776-இல் ஓர் இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார். நொடிக்கு ஒரு பாவம் என்று வைத்துக்கொண்டால் 80 வயதில் ஒரு மனிதனின் கடன் 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம் பாவங்கள். அந்தக் கட்டுரையின் முடிவில் ஒரு பாட்டை வைத்து, உலகிலேயே மிகப் பரிசுத்தமான விசுவாசிக்கான ஜெபம் என்று தலைப்பிட்டார். பூரணம் பேசியவர்களைக் குத்த வைத்த தலைப்பு. அந்தப் பாட்டுதான் நம் ஆலயங்களில் ‘பிளவுண்ட மலையே’ என்று இன்றும் பாடப்படுகிறது. வெஸ்லியின் தம்பி சார்லஸ் எழுதிய பாட்டுகளும் தென்னிந்தியத் திருச்சபையின் அதே பாமாலைப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. வாழும்போது ஒத்துப்போகாதவர்கள் நம் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சர்ச்சை கடல் தாண்டி நம் கரைக்கும் வந்தது. வெஸ்லியின் வழி வந்த ஜேம்ஸ் லிஞ்ச் இலங்கையிலிருந்து 1817-இல் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டையில் வெஸ்லி பெயர் இன்னும் நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பணி செய்த ஏமி கார்மைக்கேல், கெசிக் மாநாட்டு மரபில் வந்தவர். பாவம் வேரோடு போய்விடாது, ஆனால் அதை நாள்தோறும் வெல்லலாம் என்பது அந்த மரபின் போக்கு. முட்டுக்காட்டிலிருந்து வடமேற்கே தாம்பரம் பக்கம் போனால் இரும்புலியூர். ராமன்குட்டியாகப் பிறந்து பாஸ்டர் பால் ஆனவர் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையிடம் அங்கே இருக்கிறது. அதன் ஊழியர்கள் மணம் செய்துகொள்ளாமல், வெள்ளை உடுத்தி, கூட்டாக வாழ்கிறார்கள். முட்டுக்காட்டுக்குத் தெற்கே கோவளத்தில் 1808-இல் எழுந்த கத்தோலிக்கரின் கார்மேல் மாதா ஆலயம் இருக்கிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் பூரணத்துக்குச் ‘சாங்கோபாங்கம்’ என்ற சொல்லும் உண்டு. அங்கமும் உபாங்கமும் குறையாதது என்று பொருள். அது துறவியருக்கே உரியது என்ற எண்ணம் வெகுநாள் இருந்தது. எல்லாருக்கும் அந்த அழைப்பு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அழுத்திச் சொன்னது.

வாதாடும் முறைக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லுத்தரன்களும் ஒருவரை ஒருவர் விளாசிக்கொண்டார்கள். ‘லுத்தேரினத்தியல்பு’ என்ற தலைப்பே அதன் காரத்தைச் சொல்லும். தமிழ் உரைநடைக்கு அந்தச் சண்டையில் நல்ல பயிற்சி கிடைத்தது. சபைகளுக்கு இடையே கிடைத்தது பகை. அதே தரங்கம்பாடியில் 1919-இல் வேறொரு காட்சி. அசரியா பேராயரும் மற்றவர்களும் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். வெஸ்லியின் பிள்ளைகள், கால்வினின் பிள்ளைகள், ஆங்கிலிக்கர் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 28 ஆண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பூரணம் பற்றிய கருத்து வேறுபாடு அன்று தீர்ந்துவிடவில்லை. தீராமலே ஒரே பந்தியில் உட்கார முடியும் என்று ஆயிற்று.

இங்கிலாந்திலும் அதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. வெஸ்லியோடு கடுமையாகக் கருத்து மோதிப் பிரிந்தவர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட். 1770-இல் அவர் அமெரிக்காவில் இறந்தபோது லண்டனில் இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. தங்கள் சண்டையின் பொருளை அன்று அவர் எடுக்கவில்லை. நண்பனின் அன்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார். அவருடைய பூரணக் கொள்கையை ஏற்காதவர்கூட அந்த ஒரு நாளை ஏற்பார்.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் மத்தேயுவின் அந்த வசனத்தில் சற்குணத்தை எடுத்துவிட்டு ‘நிறைவுள்ளவர்’ என்று போட்டது. நிறை என்பது நம் சொல். நிரம்புதல் ஒரு பொருள், எடை ஒரு பொருள், மனத்தை நிறுத்திக் காத்தல் இன்னொரு பொருள். நிறைவு என்றதும் தமிழனுக்கு நாக்கின் நுனியில் வருவது ஒரு பழமொழி: நிறைகுடம் தளும்பாது. குடம் நிறைந்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டாம். நடக்கும்போது சத்தம் வருகிறதா என்று கேட்டால் போதும்.

யாக்கோபின் நிருபமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 3-ஆம் அதிகாரத்தில், நாம் எல்லாருமே பலவற்றில் தவறுகிறவர்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சொல்லில் தவறாதவன் எவனோ அவனே பூரண புருஷன் என்கிறது. வேதாகமத்தில் பூரணத்துக்கு வைத்த உரைகல் நாக்கு. அப்படியானால் பூரணம் உண்டா இல்லையா என்று வாதிடும் இடமே அதற்கான தேர்வுக்கூடம். படகுத்துறையில் அந்தப் பையன் வசனத்தை வைத்துத் தோற்கவில்லை. குரலை வைத்துத் தோற்றான். பெரியவரும் வென்றுவிடவில்லை. பத்துப் பேர் முன்னால் ஒரு தம்பியின் முகத்தைச் சுண்டவைத்தது தெளிந்த நீரின் வேலையா?

பவுல் ‘தேறினவர்கள்’ என்று சொன்ன வசனத்தின் மறுபாதியை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. நீங்கள் எதிலாவது வேறு மாதிரி நினைத்தால் அதையும் கடவுளே காட்டுவார் என்பது அதன் கருத்து. நாம் எட்டிய மட்டும் ஒன்றாக நடப்போம் என்று அடுத்த வசனம் தொடர்கிறது. அடுத்த முறை இந்த வாதம் எழும்போது தம்பியும் அண்ணனும் அந்தப் பாதியையும் சேர்த்து வாசிக்கட்டும். படகில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் இன்னும் நல்லது.