துனிசியா: வாளும் நீரும்

ஆபிரிக்காக் கண்டத்தின் வடமுனையில், மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்த சிறிய நாடு துனிசியா. அதன் கிழக்கே ஹம்மாமெத், சூஸ் முதலிய ஊர்களின் வெண்மணற் கடற்கரைகள் நீண்டு கிடக்கின்றன. தெற்கே சகாராப் பாலைவனம் தொடங்குகின்றது. கடலில் நீராடவும் ஒட்டகமேறிப் பாலைவனம் காணவும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உல்லாசப் பிரயாணிகள் அங்கு செல்கின்றனர். செல்லும் வழியில் இடிந்த நகரொன்றையும் பார்த்துத் திரும்புகின்றனர். உப்புநீருக்கும் வறண்ட மணலுக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டுகளாக மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று வினவுவோருக்கு, அந்த இடிபாடுகள் வேறொரு வரலாற்றையும் கூறும்.

தீர் நகரத்துப் பினீசியர் கி. மு. 814இல் கார்த்தேஜ் நகரை நிறுவினர் என்பது மரபு. காளைத்தோல் ஒன்று கொள்ளுமளவு நிலம் கேட்ட அரசி எலிசா, அத்தோலை மெல்லிய வார்களாகக் கீறி ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள் என்று பழங்கதை கூறும். கடல் வாணிகத்தாற் செழித்த அந்நகர், உரோமாபுரியுடன் மூன்று பெரும் போர்கள் புரிந்தது. அந்நகரின் தளபதி ஹனிபால் கி. மு. 218இல் யானைகளுடன் அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியை நடுங்கச் செய்தான். ஆயினும் இறுதி வெற்றி உரோமருக்கே கிட்டியது. மூன்றாண்டு முற்றுகையின் பின், கி. மு. 146இல் கார்த்தேஜ் தீக்கிரையாயிற்று. எஞ்சிய மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

வென்றவர்கள் அந்நிலத்தை உழுது உப்பை விதைத்தனர் என்று சொல்வதுண்டு. பழைய நூலாசிரியர் எவரும் அதனைக் கூறினாரல்லர். அது மிகப் பிற்காலத்தார் சேர்த்த கற்பனையே. உண்மையில் நிகழ்ந்தது அதனினும் வியப்புக்குரியது. கார்த்தேஜின் நூலகங்களை ஆபிரிக்கச் சிற்றரசர்களுக்கு வழங்கிவிட்ட உரோம மூதவை, ஒரு நூலை மட்டும் இலத்தீனில் மொழிபெயர்க்குமாறு ஆணையிட்டது. மாகோ என்னும் கார்த்தேஜியர் இருபத்தெட்டுப் பகுதிகளில் எழுதிய வேளாண்மை நூலே அது. பகைவரின் நகரை எரித்தவர்கள், அப்பகைவர் மண்ணைப் பேணிய அறிவை எரிக்கத் துணியவில்லை. பின்வந்த உரோம ஆசிரியரான கொலுமெல்லா, மாகோவை வேளாண்மையின் தந்தை என்றே போற்றினார். மூலமும் மொழிபெயர்ப்பும் இன்று மறைந்துவிட்டன; பிறர் எடுத்தாண்ட சில பகுதிகளே எஞ்சியுள்ளன.

அழித்த நகரை உரோமரே மீண்டும் எழுப்பினர். அந்நாட்டுக் கோதுமை உரோமாபுரியின் பசியைத் தீர்த்தது. ஒலிவ் எண்ணெயால் வந்த செல்வம், எல் ஜெம் என்னும் ஊரில் ஏறத்தாழ 35,000 பேர் அமரத்தக்க வட்டரங்காக மூன்றாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. ஸக்வான் மலையூற்றிலிருந்து கார்த்தேஜுக்கு நீர் கொணர்ந்த கால்வாய், கிளைகளுடன் சேர்த்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் நீளமுடையது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கால்வாயின் உயர்ந்த தூண்வரிசைகளை இன்றும் வயல்வெளிகளின் நடுவே காணலாம்.

கி. பி. 670இல் அரபுத் தளபதி உக்பா இப்னு நாபி கைரவான் நகருக்கு அடிகோலினார். அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் தூண்களிற் பல, உரோம, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வரப்பட்டவை. ஒரு காலத்தவர் செதுக்கிய கல், மற்றொரு காலத்தவரின் தொழுகைக் கூரையைத் தாங்குகின்றது. பள்ளிவாசலின் முற்றமோ மழைநீரை நடுவே திரட்டி, மாசு தங்கிவிடச் செய்து, நிலத்தடித் தொட்டிக்கு அனுப்புமாறு சரிவாக அமைக்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட அக்லபியர், நகரின் அருகே கட்டிய வட்டக் குளங்களுள் பெரியது ஏறக்குறைய 128 மீற்றர் விட்டமுடையது.

தெற்கே தோசர் நகரின் பேரீச்சஞ் சோலையில், ஊற்றுநீரைத் தோட்டந்தோறும் பங்கிடும் முறையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வகுத்தவர் இப்னு ஷப்பாத் என்னும் அறிஞர். அச்சோலைகளில் துளையிட்ட கலத்திலிருந்து நீர் வடிந்து முடியும் நேரமே ஒருவரின் பங்கை அளக்கும் அளவையாயிற்று. பேரீச்சையின் நிழலில் மாதுளையும் அத்தியும், அவற்றின் நிழலில் காய்கறியும் வளர்ந்தன. ஒருவர் தம் பங்குக்கு மேல் எடுத்தால் அயலவரின் தோட்டம் வாடும். ஆகவே நீர்ப்பங்கீடு அங்கு நீதியின் அளவுகோலாகவும் விளங்கியது.

இந்நாட்டின் தலைநகராகிய துனிஸில் 1332இல் பிறந்தவர் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன். பாலைவனத்தின் கடுமையில் ஒற்றுமை பெற்ற குடியினர் நகரை வெல்வர்; நகரின் சுகத்தில் தளர்வர்; பின்னர் வேறொரு குடியினரிடம் தோற்பர் என்று அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அவர் விளக்கினார். ஊற்றுக்களைப் பற்றியும் அவர் கூறியுள்ளார். கறக்காத மடி வற்றுவதுபோல, மனித உழைப்பால் தோண்டிப் பேணாத ஊற்றும் வற்றிவிடும் என்பது அவர் கருத்து. ஊர் பாழானால் அதன் நீரும் மறையும் என்று அவர் எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை ஏட்டோடு நின்றுவிடவில்லை. தோசரின் இயற்கை ஊற்றுக்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வற்றிவிட்டன. ஆழ்குழாய்க் கிணறுகளே இன்று அச்சோலையைக் காக்கின்றன. நீடித்த வரட்சியால் 2023ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் இரவு நேரங்களிற் குடிநீர் விநியோகத்தை நிறுத்த நேர்ந்தது. கடற்கரை விடுதிகளின் நீச்சற் குளங்களுக்கும் உழவர்களின் வயல்களுக்கும் வேண்டிய நீர் பெரும்பாலும் ஒரே நிலத்திலிருந்தே வரவேண்டும்.

பினீசியரும் உரோமரும் அராபியரும் துருக்கியரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்ட அம்மண், 1956 மார்ச் 20ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. வாளால் அதனை வென்றவர்களின் ஆட்சிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மழைத்துளியைத் தேக்கவும் ஊற்றைப் பங்கிடவும் அறிந்தவர்களின் பணியே தலைமுறைகள் பலவற்றை வாழ்வித்தது. துனிசியா செல்லும் பிரயாணி கடலில் நீராடட்டும். பாலைவனத்தில் கதிரவன் மறையும் காட்சியையும் காணட்டும். கைரவான் முற்றத்தின் நடுவே, மழைநீர் இறங்கும் அச்சிறு துவாரத்தின் முன்னும் அவர் சிறிது நேரம் நிற்பாராயின், அந்நாட்டின் வரலாறு அவருக்குப் புலனாகும்.