மகரக்கட்டு

பன்னிரண்டு வயது வரை நான் பாடகன். பள்ளி ஆண்டுவிழா, கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று எங்கே மைக் இருந்தாலும் என்னைத் தூக்கி முன்னால் நிறுத்திவிடுவார்கள். எட்டாம் வகுப்பு ஆண்டுவிழாவில் சரணத்தின் மேல் ஸ்தாயியைத் தொடப் போனபோது குரல் இரண்டாகப் பிளந்தது. முதலில் முன்வரிசை சிரித்தது, பிறகு அரங்கமே சிரித்தது. பாட்டு சார் மேடைக்குப் பின்னால் வந்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்றார். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடினான்.

வீட்டில் பாட்டி மட்டும்தான் அதற்கு ஒரு பெயர் சொன்னாள்: "மகரக்கட்டுடா. எல்லா ஆம்பளப் பசங்களுக்கும் வர்றதுதான்." வியாதியோ என்று பயந்திருந்த எனக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் பாடவில்லை. பொறியியல் படித்தேன், கோடு எழுதுகிறேன்.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. அவள் பாட்டு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு செய்தி வந்தது. ஒரு டிவி நிகழ்ச்சிக்குக் குழந்தைகளைத் தேர்வு செய்கிறார்கள், விருப்பமுள்ள பெற்றோர் படிவம் நிரப்பலாம். "அனுப்பலாமா?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல், அன்றிரவு அலமாரியிலிருந்து டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யை எடுத்தேன். அவரும் ஆறு வயதில்தான் மேடைக்குப் போனார்.

*

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரு நாடக சபையைத் தொடங்கினார். பெயர், தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. 'பால' என்பதுதான் அதில் முக்கியமான சொல். நடிகர்கள் அத்தனை பேரும் பையன்கள். ராஜாவும் அவர்களே, ராணியும் அவர்களே, எமனும் அவர்களே. ஜனங்கள் இதை 'பாய்ஸ் கம்பெனி' என்றார்கள்.

ஏன் பையன்கள்? அப்போது ஸ்பெஷல் நாடகம் என்றொரு ஏற்பாடு இருந்தது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும் வந்து மேடையில் சேர்ந்துகொள்வார்கள். ஒத்திகை கிடையாது. ஒருவரை ஒருவர் மடக்குவதற்காகக் கதைக்குச் சம்பந்தமில்லாத தர்க்கம் நடக்கும். சிலர் குடித்துவிட்டு வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, நடிகராகவும் ஆசிரியராகவும் இதையெல்லாம் நேரில் பார்த்துச் சலித்தவர் சுவாமிகள். எழுதியதை எழுதியபடி பேசும், சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்கும் நடிகர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். குழந்தைகள் சொன்னதைக் கேட்பார்கள்.

இன்னொரு காரணம் ஒலி சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன். அன்றைய கொட்டகையில் மைக் கிடையாது. தரை டிக்கெட் வாங்கிக் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் மிகவும் கூர்மையானது. உச்ச ஸ்தாயியில் கணீரென்று எழும் பையன் குரல் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். அந்தக் காலத்து ஒலிபெருக்கி, பத்து வயதுப் பையனின் தொண்டை.

*

அந்த சபாவில் சண்முகமும் அண்ணன்மாரும் சேர்ந்தார்கள். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்துக்குப் பெயர்போன நடிகர். பிள்ளைகள் அங்கே கற்ற விதம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

என் மகளுக்குச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கீபோர்டு, பதினொன்றரைக்கு டான்ஸ். 'தியேட்டர்' வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை, அதற்குத் தனி ஃபீஸ். பாய்ஸ் கம்பெனியில் இந்தத் தடுப்புகள் இல்லை. ஒரு நாடகம் என்றால் கீர்த்தனை, விருத்தம், வெண்பா, வசனம் எல்லாம் ஒன்றாக வரும். 'பவளக்கொடி'யோ 'வள்ளி திருமண'மோ, முழு நாடகமும் வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன் வாயில் ஏறும். பாடிக்கொண்டே நடக்க வேண்டும், நடந்துகொண்டே எதிராளியின் கடைசிச் சொல்லைப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். ராகம், தாளம், தமிழ், உடம்பு என்று நான்கு பாடம் இல்லை. எல்லாம் ஒரே பாடம்.

இதற்குச் சுவாமிகளின் படிப்பும் காரணம். தமிழை அவர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் கற்றார். லயத்தைக் கற்றது புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம், கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கிய மேதை அவர். அதனால் சுவாமிகளின் பாட்டில் சந்தம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சொல்லைச் சரியாகச் சொன்னாலே தாளம் வந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இலக்கணம் காது வழியாகப் போயிருக்கும்.

பையன்களுக்காக அவர் எழுதிய 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக முடித்தார் என்பது நாடக உலகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. அதில் அபிமன்யு, சிறுவன் சண்முகம். ஒரு பெரிய புலவர் ஒரு சின்னப் பையனின் தொண்டையை மனதில் வைத்து ராத்திரி முழுக்க எழுதுகிறார். அந்தப் பையனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன கிடைத்துவிடும்?

*

இங்கேயே நிறுத்தினால் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முடித்துவிடலாம். முடியவில்லை.

இந்தக் கம்பெனிகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தது பல சமயம் கலையார்வம் இல்லை, பசி. எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது அப்பா இறந்து, அம்மா சத்யபாமா இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாமல் தவித்தபோது. சிவாஜி கணேசன் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவர். கம்பெனியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அப்பா அம்மா இருக்கும்போதே தன்னை அநாதை என்று சொன்னவர்.

பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்குவார்கள். முகாம் மாறினால் ஊரும் மாறும். பள்ளிக்கூடம் கிடையாது. வாத்தியார் கையில் பிரம்பு உண்டு. ராத்திரி முழுக்க நாடகம், பகலில் பாடம். பெற்றோர் ஒத்துக்கொண்டு அனுப்பிய பிள்ளை, கம்பெனியின் முதலீடு.

அந்த முதலீட்டின் காலக்கெடுதான் மகரக்கட்டு. எந்தக் குரலை நம்பிக் கொட்டகை நின்றதோ, அது ஒருநாள் காலையில் காணாமல் போகும். ராஜபார்ட் பையன் திடீரென்று யாருக்கும் வேண்டாதவன் ஆவான். பி.யு. சின்னப்பா ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவர். குரல் உடைந்ததும் வெளியே வந்தார். அதற்குப் பிறகு சங்கீதத்தையும் உடற்பயிற்சியையும் புதிதாகக் கற்று, 1940-இல் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம் போடும் அளவுக்கு எழுந்தார். அவர் சின்னப்பா, எழுந்துவிட்டார். எழாதவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. நினைவுக்குறிப்பு எழுதுவது ஜெயித்தவர்கள்தான்.

1933-இல் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் உழைப்பைப் பெற்றோர் பணத்துக்கு எழுதிக்கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. நியாயமான கூலியும், ஒரு வார நோட்டீஸில் விலகும் உரிமையும், பிள்ளைக்குக் கெடுதல் இல்லாத வேலையும் என்றால் விலக்கு உண்டு. இதற்குள் பேசும் படமும் வந்துவிட்டது. கொட்டகையில் வளர்ந்த பையன்கள் ஒவ்வொருவராக ஸ்டூடியோ பக்கம் நகர்ந்தார்கள்.

*

சுவாமிகளின் கடைசிக் காலத்தை வாசிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் முடங்கியது, பேச்சும் போயிற்று. ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பிள்ளைகளின் வாயில் ஏற்றியவருக்குத் தன் வாயில் ஒரு சொல் வரவில்லை. 1922 நவம்பரில் புதுச்சேரியில் இறந்தார். அப்போது சண்முகத்துக்குப் பத்து வயது. ஆசிரியரிடம் குரல் இல்லை, அவர் எழுதியதெல்லாம் பையன்களிடம் இருந்தது.

மூன்று வருடம் கழித்து, 1925-இல், அந்த அண்ணன் தம்பிகளே சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சண்முகத்துக்கும் மகரக்கட்டு வந்திருக்கும், எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் வருவதுதானே. ஆனால் துரத்த ஒரு முதலாளி இல்லை. முப்பது வயதை ஒட்டி அவர் 'ஔவையார்' நாடகத்தில் கிழவியாக நின்றார். ஊர் அவரை அவ்வை சண்முகம் என்றே அழைத்தது. 'அவ்வை சண்முகி' பார்த்திருப்பீர்கள். சிறுவனாக டி.கே.எஸ். குழுவில் இருந்த கமல்ஹாசன் 1996-இல் அவருக்கு வைத்த வணக்கம் அந்தத் தலைப்பு.

அபிமன்யுவுக்குத் தேவைப்பட்ட குரல் ஔவைக்குத் தேவைப்படவில்லை. குரலோடு போகாமல் தங்கியது வேறு ஏதோ: சொல்லின் எடை, நிற்கும் விதம், எதிரில் இருப்பவருக்குக் காது கொடுப்பது. நல்ல கற்பித்தல் என்பது இதுதான் என்று தோன்றுகிறது. குரல் உடைந்த மறுநாளும் பிள்ளையிடம் என்ன மிஞ்சுகிறது, அந்த இடத்தில் அவனுக்கு உட்கார ஒரு மூலை இருக்கிறதா என்பதே சோதனை.

இன்றைக்கும் சட்டம் இருக்கிறது. 2017 விதிகளின்படி குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கியில் போக வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். மணியையும் பணத்தையும் சட்டம் எண்ணலாம். 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா'வை எண்ண அதற்கு வழியில்லை.

*

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் கேட்டேன். "ரெண்டு வருஷம் முன்னாடி ஆண்டுவிழாவுல ஒரு பையன் பாடினானே மேடம், பிரமாதமா. அவன் இப்ப வர்றதில்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவனா? வாய்ஸ் மாறிடுச்சு சார். நின்னுட்டான்." குறை சொல்லும் தொனி இல்லை. மழை வந்தது, விளையாட்டு நின்றது என்பதுபோல.

படிவத்தை நான் நிரப்பவில்லை. வகுப்பை நிறுத்தவும் இல்லை, அவளுக்கு அது பிடித்திருக்கிறது. வண்டியில் திரும்பும்போது முன்னால் நின்றுகொண்டு பாடிக்கொண்டே வந்தவள் திடீரென்று கேட்டாள்: "நீ ஏம்ப்பா பாடவே மாட்டேங்கற?"

சிக்னலில் நின்றிருந்தோம். ஹெல்மெட்டுக்குள் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் சுருதிக்கு என்னால் ஏற முடியவில்லை. அவள்தான் கொஞ்சம் இறங்கி வந்தாள்.