வெள்ளிப்பாதை

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கே, யாக்கோபு அடிகளின் சமாதி உள்ளதாக நம்பப்படும் சாந்தியாகோ நகருக்கு நடப்போருள் மிகப் பலர் பிரெஞ்சுப் பாதை என்பதையே பற்றுவர். 2024-ஆம் ஆண்டில் பல வழிகளாலும் வந்து ஆங்குச் சான்றிதழ் பெற்றோர் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அந்நெருக்கத்தை வேண்டாதார்க்குத் தெற்கே செவில் நகரினின்று தொடங்கும் நெறியொன்றுண்டு. நீளம் 1000 கிலோமீட்டர் அளவினது. அதன்வழி வருவோர் அத்தொகையிற் சிறு கூறே.

இதனை வெள்ளிப்பாதை என்ப. வெள்ளிக்கும் இதற்கும் இயைபில்லை. கற்பாவிய சாலை எனப் பொருள்படும் அரபுச் சொல்லே இங்ஙனம் திரிந்தது என்பர் அறிஞர். சாலை ரோமர் இட்டது. கி.மு. 25-இல் அகஸ்தஸ் தன் முதுபடைஞர்க்கென நிறுவிய மெரிதா நகரின் நெடும் பாலத்தையும், காப்பரா என்னும் பாழூரின் நான்முக வாயிலையும் நடப்போர் இன்றும் கடக்கின்றனர். ஓரிடத்திலோ, 1969-இல் முடிவுற்ற அல்காந்தரா அணையின் நீர் பழஞ்சாலையை விழுங்கிற்று. ஆங்குச் சுற்றியே செல்லல் வேண்டும்.

பருவமே ஈண்டு முதற்கண் கருதற்பாலது. எஸ்திரமதுரா நாட்டில் கோடை வெப்பம் 40 பாகைக்கு மேலும் ஏறும். சிலவிடத்து 30 கிலோமீட்டர் அளவும் ஊரே இல்லை. சுமை கனக்கிறதென்று நீரைக் குறைத்தல் பேதைமையாம். ஆதலின் மார்ச்சு, ஏப்ரல் திங்கள்களிற் செவிலை விட்டுப் புறப்படுதல் நலம். அக்காலை ஓக்கு மரச் சோலைகளிற் புல் தழைத்திருக்கும்; மழையால் ஓடைகள் பெருகி வழிமறிப்பதும் உண்டு. அவ்வழிப் பாதக்குறடு களைந்து நீரில் இறங்குவர் சிலர். வண்டிச்சாலையாற் சுற்றிப் போவர் சிலர்.