திரைக்கு முன்னும் பின்னும்

இராயபுரத்திலிருந்து நடந்தே சென்றுவிடக் கூடிய தொலைவில் ஜார்ஜ் டவுன் இருக்கிறது. துறைமுகத்தின் அரவம் எட்டும் அந்தப் பகுதியில், கினிமா சென்ட்ரல் என்னும் கொட்டகையில், 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. திரையில் ஒரு பெண் தமிழில் பேசவும் பாடவும் வடசென்னை மக்கள் வியந்து கேட்டனர். அவர்தாம் டி. பி. ராஜலட்சுமி.

பம்பாயில் இம்பீரியல் நிறுவனத்தார் எடுத்த அப்படத்தை எச். எம். ரெட்டி இயக்கினார். நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார். எனினும் தமிழ்ப் பேசும்படத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

1911இல் திருவையாற்றில் பிறந்த ராஜலட்சுமி, அறியாப் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பட்டார். அவ்வாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்தபின், வறுமை அவரை நாடக மேடைக்கு அழைத்து வந்தது. குடும்பப் பெண் மேடையேறுவதைப் பழியாகக் கருதிய காலம் அது. அப்பழியை அவர் அஞ்சி ஒதுக்கவில்லை, உழைப்பாலே வென்றார். நாட்டு விடுதலைப் பாடல்களை மேடையில் பாடிச் சிறையும் சென்றார்.

1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. அத்துடன் அவர் நிறைவு கொண்டிருக்கலாம். ஆயினும் பிறர் எழுதியதைப் பேசி, பிறர் காட்டிய இடத்தில் நிற்பது அவருக்குப் போதவில்லை. 'கமலவல்லி' என்னும் நாவலைத் தாமே எழுதினார். 1936இல் அதனை 'மிஸ் கமலா' என்ற படமாகத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். பாத்மா பேகம் 1926இல் படம் இயக்கியிருந்தார். தென்னகத்தில் அப்பணியை முதன்முதல் ஏற்ற பெண் ராஜலட்சுமியே. விரும்பாத மணத்துக்கு ஆளாகும் பெண்ணைப் பற்றிய அக்கதையை, தம் மணத்தில் தம் சொல் கேட்கப்படாத ஒருவர் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம்.

நடிகையாக இருப்பவருக்குக் கூலி உறுதி. தயாரிப்பாளராவோருக்கு இழப்பே முதலில் வந்து நிற்கும். ஈட்டியதைப் பணயம் வைத்து அவர் பெற்றது, எக்கதையைச் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை. ஆடவர்க்கே உரியதாயிருந்த அவ்வுரிமையின் விலையை அவர் தம் கையாலேயே செலுத்தினார்.

1961இல் கலைமாமணி விருது வந்தது. 1964இல் மறைந்தார். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டின் பிரதிகளும் இன்று நமக்குக் கிட்டவில்லை. முதன்முதல் ஒலித்த குரலையே நாம் காக்கத் தவறினோம். கல்லில் பொறித்ததைப் போற்றும் நாம், படச்சுருளில் பதிந்ததையும் போற்றக் கற்றிருந்தால், அக்குரலை நம் பிள்ளைகளும் கேட்டிருப்பர்.