சிறைக்குள் வளரும் வழிகாட்டிகள்

சிறைச்சாலையிலிருந்து நல்ல செய்தி வருவது அபூர்வம். நீண்டகாலம் செய்தி மேசையில் இருந்த எனக்கு அது நன்கு தெரியும். ஆகவே, கைதிகள் நாய்க்குட்டி வளர்க்கும் வரலாற்றை இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

பார்வையற்றோருக்கு வழிகாட்ட நாய்களை முறைப்படி பழக்கும் வழக்கம் முதலாம் உலகப் போரின் விளைவாகும். போரிற் கண்ணிழந்த படையினருக்காக 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1929 இல் அமெரிக்காவில் 'சீயிங் ஐ' நிறுவனம் உருவாயிற்று. இத்தகைய பயிற்சிக்கு முன்னர் குட்டியை ஓராண்டுக்கும் மேலாக மனிதர் நடுவே பொறுமையுடன் வளர்த்தெடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது நேரம். கைதிகளிடம் நிறைய இருப்பதும் அதுவே.

சிறைக்குள் நாய்களைக் கொண்டுசென்ற முன்னோடி போலின் குயின். இளமையில் வீட்டைவிட்டு ஓடிப் பல இல்லங்களில் அடைபட்டுக் கிடந்த அவரை மீட்டது ஒரு நாயின் துணை. 1981 இல், விலங்கு மருத்துவப் பேராசிரியர் லியோ பஸ்டாட்டின் ஆதரவுடன், வொஷிங்டன் மாநிலப் பெண்கள் சிறையில் அவர் இம்முயற்சியைத் தொடக்கிவைத்தார். 2020 இல் அவர் காலமானார்.

வழிகாட்டி நாய்களுக்கான குட்டிகளைச் சிறையில் வளர்க்கத் தொடங்கிய திட்டங்களுள் பெயர்பெற்றது, குளோரியா கில்பேர்ட் ஸ்டோகா 1997 இல் நியூயோர்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் ஐந்து குட்டிகளுடன் ஆரம்பித்த திட்டமாகும். ஏறத்தாழ எட்டு வார வயதில் வரும் குட்டி, கைதியுடனேயே சிறையறையில் உறங்குகிறது. அவரே அதற்குக் கட்டளைகளைக் கற்பிக்கிறார். ஆனால் சிறைக்குள் வீதியுமில்லை, வாகன இரைச்சலுமில்லை. எனவே தொண்டர்கள் குட்டிகளை இடையிடையே வெளியே அழைத்துச் சென்று நகர வாழ்க்கைக்குப் பழக்குகின்றனர். 2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின்னர் வெடிபொருள் மோப்ப நாய்களுக்கான குட்டிகளும், 2006 முதல் காயமுற்ற முன்னாள் படையினருக்கான உதவி நாய்களும் இத்திட்டத்திற் சேர்ந்தன.

குற்றம் புரிந்தவருக்கு நாய்க்குட்டியுடன் கொஞ்சும் சலுகையா என்று கேட்கலாம். குற்றத்தாற் பாதிக்கப்பட்டவரிடமிருந்து வரும்போது அது நியாயமான கேள்விதான். ஆனால், இரவு பகலாகக் கூடவே இருந்த அந்த உயிரை, வளர்ந்ததும் ஒரு நாள் கைதி கையளித்தாக வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் பாதுகாப்பாக வீதியைக் கடப்பதற்காகவே அந்தப் பிரிவு. பிறருக்குப் பயன்படும் ஒரு பொறுப்பு கூடுகிறது. சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.