பிரதி எடுத்தவன் கை

ரெம்பிராண்டிடம் ஓவியம் படிக்க வந்தவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 100 கில்டர் கட்டினார்கள் என்று 1675இல் ஸாண்ட்ரார்ட் எழுதுகிறார். படிப்பு என்றால்? ஆசானின் படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் அப்படியே தீட்டுவது. மாணவர்கள் செய்ததை விற்ற வகையில் ஆசானுக்கு மேற்கொண்டு 2000, 2500 கில்டர் வந்ததாம். ஃபீஸையும் கட்டி உழைப்பையும் கொடுத்துட்டுப் போகணும். மாணவன் கைவேலை ஆசானின் சரக்கு என்பது அன்றைய கில்டு வழக்கம்.

கழுத்துக் கவசத்தோடு ரெம்பிராண்ட் தன்னையே தீட்டிய படம் (1629 வாக்கில்) இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஹேக் நகர மௌரிட்ஸ்ஹௌஸில் உள்ளது மூலம், நியூரம்பெர்கில் உள்ளது நகல் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஹேக் படம் அவ்வளவு வழவழப்பு. 1990களின் கடைசியில் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது அதன் வண்ணத்துக்கு அடியில் கவனமான கோட்டு வரைவு தெரிந்தது. ரெம்பிராண்ட் அப்படி வேலை செய்பவரல்ல. தூரிகையாலேயே உருவத்தைத் தேடிப்போவார். முடிந்த முகத்தைப் பார்த்துத் தீட்டுகிறவனுக்குத்தான் முன்கூட்டியே கோடு தேவை. ஆக, மூலம் நியூரம்பெர்கில் இருந்தது.

'மேதையின் கை' என்று கொண்டாடப்பட்டது பெயர் தெரியாத ஒருவனின் பயிற்சி. 1968இல் தொடங்கிய ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டம் இப்படிப் பல படங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பெயர் போனதும் மதிப்பும் போகிறது. படம் என்னவோ அதே படம்தான். அன்று ஆசானின் கையொப்பத்துக்குள் மறைந்தவன் இன்று 'பட்டறை' என்ற சொல்லுக்குள் மறைகிறான். ஆசிரியனின் மரணத்தைப் பேசித் தீர்த்த நாம், பிரதி எடுத்தவனின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதப்போகிறோம்?