ரேடியோ நெல்லும் ஒரு பென்சில் கணக்கும்

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



இன்றைக்கு உரம், மருந்து பற்றிப் பேசப்போவதில்லை. உங்களுக்கும் எனக்கும் நடுவிலே இருக்கிற இந்த ரேடியோப் பெட்டியைப் பற்றியே கொஞ்சம் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. ஆனால் ரொம்ப காலத்துக்குக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு பெட்டி ஏது? பஞ்சாயத்துக் கட்டிடத்தில் ஒன்று இருக்கும். சாயங்காலமானால் மரத்தில் கட்டிய குழாய் வழியாக அது பேசும், ஊர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும். சொந்தமாகப் பெட்டி வாங்கினவர் வருஷா வருஷம் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1970களில் அது 15 ரூபாய். 1980களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. எங்க தாத்தா அந்த லைசென்ஸ் புத்தகத்தை நிலப் பத்திரத்தோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். தாத்தா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகம் வந்தது. ஜப்பான் நாட்டு 'நோரின் 10' ரகத்தையும் நம்ம ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டுச் சேர்த்து எடுத்தது. 105 நாளில் அறுப்பு. குறுவை அறுத்துவிட்டுத் தாளடிக்கும் போகலாம். தஞ்சாவூர் ஜில்லாவில் அப்போது தீவிர சாகுபடித் திட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். திருச்சி வானொலி இந்த ரகத்தைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. நாற்றங்கால் எப்படி, நடவு எத்தனை நாளில், மேலுரம் எப்போது என்று எல்லாம் பெட்டி வழியாகவே வந்தது. நம்ம ஆட்களுக்கு எண்ணும் எழுத்தும் வாயில் நுழையுமா? விதை டிப்போவில் போய் "ரேடியோ நெல்லு குடுங்க"ன்னு கேட்டார்களாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்த நெல்லுக்கு ஒரு குறை இருந்தது. விதை உறக்கம் கிடையாது. அறுப்புச் சமயத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளை கட்டிவிடும். தாத்தாவுக்கும் ஒரு வருஷம் அப்படி ஆயிற்று. ஈர நெல்லை வாங்க ஆளில்லை. திண்ணை, கூடம், மாட்டுக் கொட்டகை எல்லாம் நெல்லைப் பரப்பி, பாட்டி ராத்திரி முழுக்கக் காலால் துழாவிக்கொண்டிருந்தாளாம். "சொன்ன பெட்டிதானே, தூக்கிக் குளத்துல போடுங்க"ன்னு பாட்டி சண்டை. தாத்தா போடவில்லை. "விதைக்கச் சொன்னான், சரி. மழை பேஞ்சா என்ன செய்யிறதுன்னும் நாளைக்குச் சொல்லுவான்"னார். காவிரிப் பாசனத்தில் இப்படிச் சேதமாகும் ஈர நெல்லைக் காப்பாற்ற வழி தேடித்தான் 1967ல் திருவாரூரில் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடம் வைத்தார்கள். அது பிற்பாடு தஞ்சாவூருக்கு வந்து பெரிய நிறுவனமாகிவிட்டது.

இனி என் கதை. 1992ல் நான் ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆகவே சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி வந்தால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வது என் வேலை. மழைநாளில் பெட்டி கரகரக்கும். பாட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டு ஓட்டுவோம். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்க வேண்டுமென்று அக்கா முள்ளைத் திருப்பிவிடுவாள், அது வேறு சண்டை.

அந்தக் குறுவைக்கு ஏ.டி.டி. 36 போட்டிருந்தோம், பம்புசெட்டுத் தண்ணீர். மேலுரம் பற்றி ஒருவர் பேசினார். ஹெக்டேருக்கு 55 கிலோ யூரியா என்று அவர் சொன்னது சரியான அளவுதான். நான் எழுதியது 'ஏக்கருக்கு 55'. எனக்கு ஹெக்டேர் பள்ளிக்கூடத்துப் பாடம், ஏக்கர் எங்கள் வயல். கை தானாக எழுதிவிட்டது. ஒரு ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். ஏக்கருக்கு 22 கிலோ போட்டால் போதும்.

அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. "மூட்டைக்கு மேல வருதேடா, நல்லாக் கேட்டியா?"ன்னார். கேட்டேன்னு அடித்துச் சொன்னேன். சொசைட்டியில் கடனுக்கு மூட்டை எடுத்துவந்து இறைத்தார். பத்து நாளில் பயிர் கருகருவென்று நின்றது. ஊரே பார்த்துப் பொறாமைப்பட்டது. அப்புறம் இலைச்சுருட்டுப்புழு இறங்கியது. மருந்துச் செலவு ஒரு பக்கம். பால் பிடிக்கிற சமயத்தில் ஒரு காற்றுமழை, நாலு மா பயிர் அப்படியே பாயாகப் படுத்துவிட்டது. சாய்ந்த பயிரில் பாதி பதர்.

பள்ளிக்கூடத்தில் மறுபடி ஹெக்டேர் கணக்கு வந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் காட்டி அப்பாவிடம் சொன்னேன். அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு ஒரு தடவைதான் சொன்னாரு, நீ ஒரு தடவைதான் கேட்ட. திருப்பிக் கேட்கப் பெட்டிக்குக் காது இல்லையே"ன்னார். அந்தச் சொசைட்டிக் கடன் அடைய இரண்டு போகம் ஆனது.

பின்னாடி நான் விவசாயம் படித்து, இந்த வேலைக்கு வந்து, முதன்முதலாக மைக் முன்னால் உட்கார்ந்தபோது கையிலிருந்த குறிப்பில் எல்லாம் ஹெக்டேர்க் கணக்கு. புத்தகம் அப்படித்தான் போடும். ஒலிப்பதிவுக்கு முன்னால் பேனாவால் அத்தனையையும் அடித்து ஏக்கராக்கினேன். பக்கத்திலே மாக் கணக்கும் எழுதிக்கொண்டேன், மூன்று மா ஓர் ஏக்கர் என்று. நேரம் போதாது என்று சொன்னார்கள். வேறு இரண்டு விஷயத்தைக் குறைத்துக்கொண்டு, அளவை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

அப்பா இப்போது கைபேசியில்தான் ரேடியோ கேட்கிறார். நான் பேசின அன்று ராத்திரி தவறாமல் கூப்பிடுவார். நல்லா இருந்தது என்றெல்லாம் சொல்லமாட்டார். அளவைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று மட்டும் கேட்பார்.

அடுத்த முறை குறுவை நாற்றங்கால் பற்றிப் பேசுகிறேன். பென்சிலும் காகிதமும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.